அரைநாட்பொழுதில் ஏரிக் கெண்டை பிடித்தல்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய ஏரிகளில் தை பிறந்ததும் ஜலம் தெளிந்து நிற்கும். அப்போது விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஏரிக்கரைகளில் தூண்டிலும் கையுமாக உட்கார்ந்திருப்போரைக் காணலாம். இவர்கள் பொழுது விடிவதற்கு முன் வந்து, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புவார்கள். சிலர் இரவிலும் தங்குவதுண்டு. இவர்களைப் பார்க்கும் குடித்தனக்காரர், "வேறு வேலையில்லாதவனுக்குத்தான் இது சரி" என்று சொல்லிக்கொண்டு போவது வழக்கம். அது நியாயமான பேச்சே. நடவும், களையெடுப்பும், மணிலாவுக்குத் தண்ணீர் கட்டுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கும் மாதங்களில், சாகுபடி செய்பவருக்குச் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் ஓய்வு கிடைப்பதே அருமை.

ஆனால் அந்த மூன்று மணி நேரம் போதும் என்பதே என் அனுபவம். நாள் முழுவதும் உட்காருபவன் செய்யும் காரியங்களையே மூன்று மணிக்குள் அடக்கிச் செய்ய முயன்றால் மட்டும் பலன் கிட்டாது. முறையையே மாற்றியாக வேண்டும். எப்படி மாற்றுவது என்பதையும், மாற்றாமல் நான் செய்த ஒரு தவற்றால் ஒரு குட்டையில் நேர்ந்த நஷ்டத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஏரிகளிலுள்ள மீன்களைப் பற்றிச் சில வார்த்தைகள். விரால், கெளுத்தி, குறவை முதலியன தாமாகவே வருபவை. கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூன்று பெருங்கெண்டைகளும் குஞ்சாக வாங்கி விடப்படுபவை. இவை ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் இனமாதலால், குட்டையில் தாமே இனம் பெருக்குவதில்லை. முற்காலத்தில் ஆறுகளில் குஞ்சு பொறுக்கிக் கொண்டுவர வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10-ஆம் தேதி, ஒடிஷாவிலுள்ள அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌதுரியும் கே. எச். அலிகுன்ஹியும், மீனின் மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் ஏற்றி, தேங்கிய நீரிலேயே இவற்றை முட்டையிடச் செய்தனர். இன்று நாம் பண்ணைகளில் குஞ்சு வாங்க முடிவது அதன் பயனே. நான்காவதாகிய சாதாக் கெண்டை சீமை மீன். அதில் ஒரு வகை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. சமவெளிக்கு ஏற்ற பாங்காக் வகை 1957-இல் கட்டாக்குக்கு வந்து, பின்னர் எங்கும் பரவியது. இது நம் குட்டைகளிலேயே பாசியின்மேல் முட்டையிட்டுப் பெருகும்.

நிற்க, தூண்டிலை எடுக்குமுன் ஒரு எச்சரிக்கை. கிராம ஏரிகளில் மீன்பாசி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். ஆயக்கட்டில் நிலமிருப்பதாலேயே ஏரி மீனில் பங்குண்டு என்று எண்ணிவிடலாகாது. குத்தகைதாரரின் சம்மதம் பெற்றே பிடிக்க வேண்டும். ஏரி ஏலம் போகும்போதே, ஆயக்கட்டுதாரர் ஒற்றைத் தூண்டிலால் வீட்டுச் செலவுக்குப் பிடித்துக்கொள்ள இடம் வைத்து நிபந்தனை எழுதிக்கொண்டால் பிற்காலத் தகராறுகள் பல குறையும். இதைக் கிராம அதிகாரிகள் கவனிப்பது நலம். வீடூர் அணையைப் போன்ற பெரிய நீர்த்தேக்கங்களின் விஷயம் வேறு. இங்கே நான் சொல்வது கிராம ஏரியையும், சொந்தப் பண்ணைக் குட்டையையும் பற்றியே.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் திண்டிவனத்துக்கு அண்மையில் ஒரு பெரியவர் தம் புஞ்சையில் குட்டை வெட்டி, மூவகைக் கெண்டையும் விட்டிருந்தார். மீன் எவ்வளவு வளர்ந்திருக்கிறதென்று பார்க்க விரும்பினார். வலைக்காரரை அழைத்தால் குட்டை கலங்கும், கூலியும் ஆகும். ஆகவே தூண்டிலில் நாலைந்து பிடித்துக் காட்டுகிறேனென்று நான் முன்வந்தேன். ஏரிக்கரையில் இரவு தங்கிப் பிடிப்பவர்கள் தவிடும் பிண்ணாக்கும் மூட்டையாகக் கட்டி ஜலத்தில் இறக்கி, மீன்களைக் கூட்டிவைத்துப் பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதையே செய்தேன். பகல் இரண்டு மணிக்கு, மணிலாப் பிண்ணாக்கும் தவிடுமாக ஆறு படி கலவையைப் பிசைந்து ஒரே மூலையில் கொட்டினேன். நேரமோ குறைவு, தீனியாவது தாராளமாக இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

மீன்கள் வந்தன, சந்தேகமில்லை. ஜலம் கொதிப்பதுபோல் குமிழி எழும்பிற்று. ஆனால் அந்தி வரை தக்கை ஒரு தரம்கூட அமிழவில்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, நீங்கள் விருந்து வைத்துவிட்டீர்கள். பந்தியில் இவ்வளவு பரிமாறியிருக்க, முள்ளில் குத்திய ஒரு கவளத்தை எவன் தேடி வருவான்?" என்றார்.

அன்று அதைக் கேட்டு நானும் சிரித்தேன். மறுநாள் விடியற்காலை ஆள் வந்து அழைத்தபோது சிரிப்பு வரவில்லை. மீன்கள் தின்றது போக மீந்த தவிடு இரவெல்லாம் புளித்து அழுகி, ஜலத்திலிருந்த பிராணவாயுவை உறிஞ்சிவிட்டது. கட்லாக்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. உடனே பம்புசெட்டை ஓட்டி, ஜலத்தை மேலே பீச்சியடித்து விழும்படி செய்தோம். பெரும்பாலானவை பிழைத்தன. பதினேழு கட்லாக்கள் மிதந்துவிட்டன. பெரியவர் என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு மிகவும் உறைத்தது.

இதன்பின் கெண்டையின் உடலமைப்பைச் சற்று ஊன்றிப் படித்தேன். முறை முழுவதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. விராலுக்கு இரைப்பை உண்டு. அது ஒரு பெரிய இரையை விழுங்கிவிட்டு வெகுநேரம் சும்மா கிடக்கும். கெண்டை இனத்துக்கோ இரைப்பையே கிடையாது. வாயில் பல்லும் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் இரையை அரைத்து, நேரே நீண்ட குடலுக்குள் அனுப்புகிறது. ஆகவே அது ஆடு மேய்வதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தின்னும் பிராணி. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புலனாகும். ஜலமும் வெயிலும் ஒத்திருந்தால், பகலில் எந்த மூன்று மணியிலும் அது எங்கேனும் மேய்ந்துகொண்டிருக்கும். நாம் காத்திருக்கத் தேவையில்லை, அது மேயும் இடத்தைத் தேடிப் போனால் போதும். இரண்டாவது, அங்கே நாம் இடும் தீனி அதன் ஆசையைக் கிளப்ப வேண்டுமே தவிர வயிற்றை நிரப்பலாகாது. நாள் முழுவதும் இருப்பவன் மீனைத் தன்னிடம் வரவழைக்கிறான். அரைநாள் மட்டுமே உள்ளவன் தானே மீனிடம் போக வேண்டும்.

இடம் தேடுவதற்கு முதல் அரைமணியைச் செலவிடுங்கள். இந்த அரைமணியில் தூண்டிலை அவிழ்க்கவே வேண்டாம். நம் ஜில்லாவில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்கே அமைந்து, மேற்கே ஜலம் ஆழமின்றிப் பரந்திருக்கும். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று கரைப்பக்கமிருந்து வீசி மேல்ஜலத்தையும், அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் தென்மேற்கே தள்ளும். அந்த ஆழமற்ற பரப்பில் ஒன்பது மணி வெயிலில் ஜலம் விரைவாகச் சூடேறும். ஆகையால் அம்மாதங்களில் காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை மேற்கே வரத்துக்கால் சேருமிடத்தில் பார்க்க வேண்டும். எல்லோரும் வழக்கமாக உட்காரும் மதகடியில் அப்போது பெரும்பாலும் ஒன்றுமிராது. மாசிக்கு மேல் மேற்குப் பரப்பு வற்றிவிடும். அப்போது மீன்கள் மதகடிப் பள்ளத்திலும், கரைக்கு மண்ணெடுத்த உட்குழிகளிலும் சேரும். அந்நாட்களில் விடிந்தது முதல் எட்டு மணிக்குள்ளும், பிற்பகல் நாலு மணிக்குமேல் கடற்காற்று எழும்பிய பிறகும் பிடிக்கலாம். நடுப்பகலில் வீட்டில் இருப்பதே மேல்.

பச்சையேறிய பண்ணைக் குட்டைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. பாசிப்பச்சை நீரில் பகலில் பிராணவாயு பெருகி, இரவில் குறைந்து, விடியற்காலையில் மிகவும் தாழ்ந்துவிடும். மூச்சுக்குத் திணறும் மீன் தீனி தொடாது. ஆகவே குட்டையில் சூரியன் ஏறி இரண்டு மணி நேரமாவது சென்றபிறகே தூண்டில் போட வேண்டும். பிற்பகல் மூன்று முதல் ஆறு வரை மிகவும் நல்லது. தொடர்ந்து மூடாக்காக இருக்கும் நாட்களில் போடாமலிருப்பதே உத்தமம்.

மீன் மேயும் அடையாளங்கள் கண்ணுள்ளவருக்கு எளிதில் தெரியும். சாதாக் கெண்டையும் மிர்காலும் அடிச்சேற்றைக் கிளறும். பாசிமணி கோத்ததுபோல் சிறுகுமிழிகள் தொடர்ந்து எழும்பி, அவ்விடம் மட்டும் கலங்கும். ஒரே இடத்தில் ஒரு பெருங்குமிழி எழும்பி நின்றுவிட்டால் அது சேற்று வாயு, ஏமாற வேண்டாம். ரோகு இடைநீரில் திரியும். கோரைத் தண்டுகள் காற்றின்றி அசைந்தால் பெரும்பாலும் அதுவே. கட்லாவின் வாய் மேல்நோக்கியது, அது மேல்ஜலத்தை வடிகட்டித் தின்பது. அந்திநேரத்தில் மேற்பரப்பில் வளையம் வளையமாக அலை விரியும். இப்படி ஏதேனும் ஓர் அடையாளம் கண்ட பிறகே உட்காருங்கள். முக்கால் மணி வரை ஒன்றும் நிகழவில்லையெனில், தயங்காமல் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். "இன்னும் சற்றுப் பார்ப்போம்" என்பது நாள் முழுவதும் கையிலிருப்பவனுக்கு உரிய பேச்சு.

இரைக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. டி. எம். வி. என்று பெயர் தாங்கி நாடெங்கும் சென்ற மணிலா ரகங்கள் திண்டிவனம் ஆராய்ச்சிப் பண்ணையில் பிறந்தவை. அந்த எழுத்துக்களே நம் ஊர்ப் பெயரைக் குறிப்பவை. மணிலாப் பிண்ணாக்கின் வாசனைக்கு மயங்காத கெண்டையை நான் பார்த்ததில்லை. புதுச் செக்குப் பிண்ணாக்கைத் தூளாக்கி, இலேசாக வறுத்து, பாதியளவு தவிடும், ஒட்டுவதற்குச் சிறிது கோதுமை மாவும் சேர்த்துப் பிசைந்துகொள்ளவும். பூசணம் பிடித்த பிண்ணாக்கு வேண்டவே வேண்டாம். 1960-இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த மணிலாப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் பெருவாரியாக மடிந்தன. அப்லாடாக்ஸின் என்ற விஷம் அதன் விளைவாகவே கண்டுபிடிக்கப்பட்டது. மாட்டுக்கு ஆகாதது மீனுக்கும் ஆகாது.

அளவு வெகு முக்கியம். அரைநாளைக்கு மொத்தம் அரைப்படி போதும். தொடக்கத்தில் எலுமிச்சங்காய் அளவில் மூன்று உருண்டை போடவும். பின்பு மீன் அகப்படும்போதெல்லாம் ஒன்று, அகப்படாவிட்டால் அரைமணிக்கு ஒன்று. அதற்குமேல் கை நீள விடலாகாது. குட்டையானால் இந்த அளவையும் அன்றைய வழக்கமான தீனியில் கழித்துவிட வேண்டும்.

முள்ளில் கோக்கும் இரையில் ஒரு தொல்லை உண்டு. 1952-இல் நம் நாட்டுக்கு வந்த திலேப்பியா, அதாவது ஜிலேபி மீன், இன்று இறங்காத ஏரியில்லை. மண்புழுவோ, இளக்கமான மாவோ போட்டால் கெண்டை வருமுன் அது கொத்தித் தீர்த்துவிடும். நேரம் குறைவாக உள்ளவனுக்கு இது பெருநஷ்டம். அவித்த மணிலாப் பயறு அல்லது மக்காச்சோளம் கோத்தால் இத்தொல்லை பெரிதும் குறையும். இவற்றை ஓர் இரவு ஊறவைத்து, நன்றாக வேகவைத்தே உபயோகிக்க வேண்டும். வேகாத தானியம் மீனின் குடலில் ஊதிக் கேடு செய்யும்.

கெண்டை, இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும் சுபாவமுடையது. தக்கை ஆடியும் மீன் அகப்படாததற்குக் காரணம் இதுவே. இதற்குச் சீமைக்காரர்கள் கண்ட உபாயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தூண்டில் வித்தை நம் பக்கத்துக்குப் புதிதன்று. சென்னை சிவில் உத்தியோகஸ்தராயிருந்த எச். எஸ். தாமஸ் என்பவர் 1873-இல் இந்தியத் தூண்டிலைப் பற்றியும், 1887-இல் தனியே ஏரித் தூண்டிலைப் பற்றியும் நூல் எழுதினார். இங்கிலாந்தில் ரிச்சர்டு வாக்கர் என்பவர் 1952-இல் ரெட்மயர் என்ற குளத்தில் 44 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 20 கிலோ நிறையுள்ள கெண்டையைப் பிடித்தார். அதுமுதல் அந்நாட்டில் கெண்டை பிடிப்பதே ஒரு தனிக்கலையாகிவிட்டது. கூடாரமடித்து மூன்று நாள், நாலு நாள் தங்கிப் பிடிப்பது அவர்கள் வழக்கம். அது நமக்கு ஆகாது. ஆனால் சுமார் 1980-இல் அங்கே தோன்றிய மயிர்க்கட்டு நமக்கும் ஏற்றது. இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் தண்டிலிருந்து ஓர் அங்குல நூலைத் தொங்கவிட்டு, அந்த நூலில் கோப்பதுதான் அது. முள் வெறுமையாக இருப்பதால், மீன் இரையை உறிஞ்சித் துப்பும்போது முனை உதட்டில் ஏறிவிடுகிறது. தையல் நூலும் ஊசியும் இருந்தால் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். இது அடியில் மேயும் மிர்காலுக்கும் சாதாக் கெண்டைக்கும் பொருந்தும். கட்லாவுக்கு இது வேண்டியதில்லை. பிண்ணாக்கு மாவுருண்டையை ஜலமட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு அடி கீழே நிற்குமாறு தக்கையை இறக்கி வைத்தால் போதும்.

மற்றக் கருவிகளில் அதிகச் செலவில்லை. பத்து, பன்னிரண்டு அடிக் கல்மூங்கில், நல்ல நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, ஒரு சிறு ஈயக்குண்டு, ஒரு கைவலை ஆகியவை போதும். கைவலை இல்லாமல் கரையேற்ற முயல்பவர் பெரிய மீனைக் காலடியில் இழப்பார். சாணுக்குக் குறைந்த மீனை ஈரக்கையால் பிடித்துத் திரும்ப விட்டுவிடவும். உலர்ந்த கை அதன் மேல்வழுவழுப்பை உரித்துப் புண்ணாக்கும். கரைக்கல்லைப் பெயர்த்து உட்காரும் மேடை செய்வதும், கரையில் படிவெட்டுவதும் கூடா. மழைக்காலத்தில் உடைப்பு அங்கிருந்தே தொடங்கலாம். வெடியையும் விஷத்தையும் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1897-ஆம் வருஷத்து மீன்பிடிச் சட்டமே அவற்றைக் குற்றமாக்கிவிட்டது.

குட்டைச் சொந்தக்காரருக்கு இம்முறையால் வேறொரு பிரயோஜனமும் உண்டு. வாரம் ஒரு முறை பிடிக்கும் மூன்று, நான்கு மீன்களை நிறுத்து எழுதிவந்தால் வளர்ச்சி தெரியவரும். கட்லாவின் தலை பெருத்து உடல் மெலிந்திருந்தால் ஜலத்தில் நுண்ணுயிர் குறைந்துவிட்டதென்று அறிந்து சாணவுரம் இடலாம். ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை. தூண்டிலுக்கு முந்தி வருவது துணிச்சலும் பசியும் உள்ள மீன். அது மந்தையின் சராசரியாகாது. மீன்களின் மொத்த நிறையில் 100-க்கு 2 அல்லது 3 பங்கு தீனியிடுவது வழக்கமாதலால், தூண்டில் மீனின் நிறையை மட்டும் கொண்டு கணக்கிட்டால் தீனி மிஞ்சி, மறுபடியும் விடியற்காலைச் சாவில் முடியலாம். மாதம் ஒருமுறை வீச்சுவலை போட்டுப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டே தீனியைத் தீர்மானிக்க வேண்டும். ஜலம் மூன்றடிக்கு இறங்கிவிட்டால் தூண்டிலை ஒதுக்கிவிட்டு, வலைபோட்டு முழுவதையும் எடுத்து விற்றுவிடுவதே புத்திசாலித்தனம்.

அந்தப் பெரியவருடைய குட்டைக்கு அடுத்த வருஷம் மாசி மாதத்தில் மறுபடியும் போனேன். என்னைக் கண்டதும் அவர் முதலில் பார்த்தது என் கையிலிருந்த பாத்திரத்தைத்தான். "இவ்வளவுதானா ஐயா?" என்றார். "இதிலும் மீதமிருக்கும், பெரியவரே" என்றேன். மூன்று மணிக்குத் தொடங்கினோம். முதலிடத்தில் ஒன்றும் இல்லை. நாலு மணிக்குக் குமிழி கண்ட தென்மேற்கு மூலைக்கு மாறினோம். ஆறு மணிக்குள் இரண்டு மிர்கால், இரண்டு ரோகு, ஒரு கட்லா. கட்லாவை அவர் தம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார். மற்ற நான்கும் கரையிலேயே விலைபோயின. பாத்திரத்தில் மீந்த ஒரு பிடி பிண்ணாக்கைக் குட்டையில் போடாமல், போகிற வழியில் மாட்டுத்தொட்டியில் கரைத்துவிட்டு வந்தோம்.